சம்பளக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு: வரியில் தொடங்கி வசதிகளில் முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அலுவலக நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று பலருடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். புதிதாகப் போடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் கார், ஃப்ளாட், பிள்ளையின் பள்ளி என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அப்புறம் அதற்குச் சம்பளம் போதுமா என்று பார்க்கிறார்கள். வரியை ஜனவரியில், அலுவலகம் கேட்கும்போது யோசிக்கிறார்கள். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும்: வரி, ஆண்டுச் செலவு, பாதுகாப்பு, சேமிப்பு, கடைசியில் வசதி.

கீழே உள்ள வரி எண்கள் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கும். 2025-26 வருமானத்துக்குப் பழைய எண்களே பொருந்தும்.

விளக்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சென்னையில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை, ஒருவர் சம்பளம். வேலைக் கடிதத்தில் சிடிசி, அதாவது ஆண்டுக்கு நிறுவனம் சொல்லும் மொத்தத் தொகை, 14,40,000 ரூபாய். "மாசம் 1.2 லட்சம்" என்று வீட்டில் பேச்சு.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சிடிசி பிரிப்பு உள்ள கடிதம், எல்லா வங்கிக் கணக்குகளின் 12 மாத அறிக்கை, கிரெடிட் கார்டு அறிக்கைகள், கடன் பாக்கி விவரம், காப்பீட்டுப் பத்திரங்கள். இவற்றோடு வருமான வரி இணையதளத்தில் உள்நுழைந்து ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வட்டி, பங்கு விற்பனை, டிவிடெண்ட் எல்லாம் துறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அதில் இருக்கும்.

ஒரு மாத அறிக்கை போதாது. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல் என்று நம் செலவுகள் மாதக் கணக்கில் ஓடுவதில்லை. 12 மாதம் இருந்தால்தான் அவை கண்ணில் படும்.

கணவன் மனைவி இருவரும் உட்காருங்கள். ஒருவர் மட்டும் போட்ட கணக்கு, இன்னொருவருக்குக் கட்டுப்பாடாகத்தான் தெரியும். அது இரண்டு மாதம் தாங்காது.

2. சிடிசியிலிருந்து கைக்கு வரும் தொகையைப் பிரித்தெடுங்கள்

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஒதுக்கும் மொத்தச் செலவு. அதில் பாதி விஷயங்கள் உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்ப்பதே இல்லை.

நம் உதாரணத்தில் அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி, அதாவது ஆண்டுக்கு 7,20,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம்: 86,400. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம்: சுமார் 34,600. இரண்டும் போனால் மொத்தச் சம்பளம் 13,18,968. அதிலும் 72,000 ரூபாய் 'வேரியபிள் பே'. ஆண்டுக் கடைசியில் வந்தால் உண்டு.

ஆக நிலையான மாதச் சம்பளம் சுமார் 1,03,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 7,200 போகும். தொழில் வரி ஆண்டுக்கு 2,500 வரை போகும். வேரியபிள் பேயும் வரும் என்று வைத்து, வருமான வரி மாதம் சுமார் 3,800 பிடிப்பார்கள் (எப்படி என்பது அடுத்த படிகளில்). மிச்சம் 92,700.

இந்த எண்ணைத்தான் தாளின் தலையில் எழுத வேண்டும். வேரியபிள் பேயை இதில் சேர்க்காதீர்கள். வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதை நம்பி இஎம்ஐ போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுவனம் அந்த ஆண்டு 60 சதவீதம்தான் கொடுத்தது, வங்கியோ முழு இஎம்ஐ எடுத்தது.

3. சம்பளம் தவிர்ந்த வருமானத்தை எழுதுங்கள்

எஃப்டி வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி, வீட்டு வாடகை, பங்கு, மியூச்சுவல் ஃபண்டு லாபம், பகுதி நேர வேலை. வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இது வேண்டும். காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன். அங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள்.

இங்கே வரும் பிழை, "வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லை, அதனால் வரி இல்லை" என்பது. டிடிஎஸ் என்பது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி. 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 தாண்டினால்தான் டிடிஎஸ். மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். அது பிடித்தம் செய்வதற்கான வரம்பு மட்டுமே. 8,000 ரூபாய் வட்டி வந்தாலும் அது வருமானம்தான்.

இன்னொன்று, மனைவி பெயரில் எஃப்டி போட்டால் வட்டி அவர் கணக்கு என்று நினைப்பது. நீங்கள் கொடுத்த பணமாக இருந்தால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். பெற்றோருக்குக் கொடுத்த பணத்துக்கு இந்த விதி கிடையாது.

4. பழைய முறையா, புதிய முறையா

ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். அதன் அடுக்குகள்: 4 லட்சம் வரை இல்லை; 4–8 லட்சத்துக்கு 5%; 8–12-க்கு 10%; 12–16-க்கு 15%; 16–20-க்கு 20%; 20–24-க்கு 25%; அதற்கு மேல் 30%. நிலையான கழிவு 75,000. இதற்குப் பிறகு வரும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி முழுவதும் போய்விடும். அதனால்தான் சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள்.

பழைய முறையில் 2.5 லட்சம் வரை இல்லை. 5 லட்சம் வரை 5%. 10 லட்சம் வரை 20%. அதற்கு மேல் 30%. நிலையான கழிவு 50,000. ஆனால் 80சி (பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கு 1.5 லட்சம்), 80டி (மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் வரை), என்பிஎஸ் எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குக் கூடுதல் 50,000 ஆகிய கழிவுகள் உண்டு. இரண்டு முறையிலும் வரியின் மேல் 4% செஸ் எனும் கூடுதல் வரி.

எது லாபம் என்று நண்பரிடம் கேட்காதீர்கள். அவர் வாடகை வேறு, கடன் வேறு. உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கழிவு இருந்தால் இரண்டு வரியும் சமமாகும் என்று பாருங்கள். 15 லட்சம் சம்பளத்துக்கு நிலையான கழிவு போக 5,43,750 ரூபாய் கழிவு வேண்டும். 20 லட்சத்துக்கு 7,08,333. அதற்குக் குறைவாக இருந்தால் புதிய முறை.

சொந்த வீட்டில் கடனோடு இருப்பவர் எவ்வளவு திரட்ட முடியும்? 80சி 1.5 லட்சம், வட்டி 2 லட்சம், என்பிஎஸ் 50,000, 80டி-யில் குடும்பத்துக்கு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000. எல்லாவற்றையும் உச்சவரம்பு வரை நிரப்பினாலும் 4.75 லட்சம். 15 லட்சம் சம்பளக்காரருக்கு இது போதவில்லை. "வீட்டுக் கடன் இருக்கு, அதனால பழைய முறை" என்ற பேச்சு இந்தச் சம்பளத்தில் இன்று நிற்காது.

வாடகை கட்டுபவருக்கு நிலைமை வேறு. அடிப்படைச் சம்பளம் 7.5 லட்சம், வாடகை மாதம் 30,000 என்றால், 3.6 லட்சத்தில் அடிப்படையின் 10 சதவீதமான 75,000 போக 2.85 லட்சம் வாடகைப்படிக் கழிவு கிடைக்கும் (நிறுவனம் தரும் வாடகைப்படியும், சென்னைக்கான 50 சதவீத வரம்பும் இதைவிட அதிகமாக இருக்கும்பட்சத்தில்). அதோடு 80சி, என்பிஎஸ், 80டி எல்லாம் சேர்த்தால் 5.6 லட்சம். வரி புதிய முறையில் 97,500. பழைய முறையில் 94,120.

பார்த்தீர்களா, 3,380 ரூபாய். அதற்காக 2 லட்சத்தை முடக்கி, வாடகை ரசீது, வீட்டுக்காரரின் பான் எண் (ஆண்டு வாடகை 1 லட்சம் தாண்டினால் கட்டாயம்), எல்லாப் பத்திரங்களின் நகல் என்று அலைய வேண்டும். அந்தச் சேமிப்பை எப்படியும் செய்யப் போகிறவர் என்றால் சரி. வரிக்காகவே செய்பவர் என்றால் எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

பொய் வாடகை ரசீது வேண்டவே வேண்டாம். பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு உண்மையாகவே வாடகை கொடுக்கலாம். ஆனால் வங்கி வழியாகப் போக வேண்டும், அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

ஏப்ரலில் அலுவலகத்தில் சொன்னதை மாற்ற முடியாது என்று பயப்பட வேண்டியதில்லை. அது டிடிஎஸ் பிடிப்பதற்கான தகவல்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: பழைய முறை வேண்டுமானால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் புதிய முறைதான்.

புதிய முறைக்குப் போனபின் பிப்ரவரியில் "வரி சேமிக்க" என்று பாலிசி எடுப்பது இன்னும் நடக்கிறது. முகவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது, பிரீமியம் மட்டும் 15 ஆண்டு ஓடும்.

5. 12.75 லட்சத்தின் விளிம்பில் இருப்பவர்கள் இங்கே நிறுத்தி நிதானமாகப் படிக்கவும்

நிலையான கழிவுக்குப் பிறகு 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்கு ஒரு சலுகை உண்டு: தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. ஏறத்தாழ 12.70 லட்சம் வரை இது பொருந்தும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாண்டிய தொகை முழுவதும் வரியாகப் போகும், அதன் மேல் செஸ்ஸும் உண்டு என்பதுதான் இதன் மறுபக்கம்.

சம்பளம் சரியாக 12.75 லட்சம், வரி பூஜ்யம் என்று நிம்மதியாக இருப்பவருக்கு எஃப்டி வட்டி 30,000 வந்தால் வரி 31,200. வட்டி மொத்தமும் போய், கையிலிருந்து 1,200 கூடுதல். அலுவலகத்துக்கு இந்த வட்டி தெரியாது, வங்கியும் டிடிஎஸ் பிடித்திருக்காது. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டி வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு வட்டியும் சேரும்.

நம் உதாரணக் குடும்பம் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. வேரியபிள் பே வராவிட்டால் சம்பளம் 12,46,968, வரி இல்லை. வந்தால் 13,18,968, நிலையான கழிவு போக 12,43,968, வரி 43,968, செஸ்ஸோடு 45,727. வந்த 72,000-இல் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. புதிய முறையிலும் நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் என்பிஎஸ் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. இவருக்கு அந்த வரம்பு 1,00,800. ஏப்ரலிலேயே மனிதவளப் பிரிவிடம் கேட்டு, சம்பளத்திலிருந்து 44,000 ரூபாயை அந்த வழிக்கு மாற்றினால் வருமானம் 12 லட்சத்துக்குள் வந்துவிடும், வரி பூஜ்யம். கைக்கு வருவதில் 44,000 குறைகிறது, வரியில் 45,727 மிச்சமாகிறது. ஓய்வுக்காலப் பணம் கிட்டத்தட்ட இலவசமாகச் சேர்கிறது.

மூன்று எச்சரிக்கைகள். நீங்களாகவே என்பிஎஸ்ஸில் கட்டினால் புதிய முறையில் கழிவு இல்லை. நிறுவனம் வழியாகப் போனால்தான் உண்டு. எல்லா நிறுவனமும் இந்த வசதி தருவதில்லை. தந்தாலும் ஆண்டு நடுவில் மாற்ற விடாமல் இருக்கலாம். அப்புறம், பங்கு விற்பனை லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. அதன் வரியைத் தனியே பார்க்க வேண்டும்.

6. ஆண்டுச் செலவுகளை 12-ஆல் வகுங்கள்

மாத பட்ஜெட் உடைவதற்குக் காரணம் ஹோட்டல் சாப்பாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 12 மாத அறிக்கையைப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் பெரிய செலவுகள்தான் கையைக் கடிக்கின்றன. அவை வரும்போது கிரெடிட் கார்டு கைகொடுக்கிறது, அதை அடைக்க அடுத்த மூன்று மாதம் போகிறது.

நம் குடும்பத்தின் பட்டியல்: பள்ளிக் கட்டணம், புத்தகம், வேன் 90,000, மருத்துவ, ஆயுள் காப்பீடு 42,000, வண்டி காப்பீடு, சர்வீஸ் 18,000, தீபாவளி, பொங்கல் துணிமணி 30,000, மொய், சீர் 30,000, வீட்டுப் பொருள் பழுது 15,000, ஊருக்குப் போய்வர 15,000. கூட்டினால் 2,40,000, மாதம் 20,000.

மொய்யையும் சீரையும் யாரும் எழுதுவதில்லை. தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று வந்தால் தங்கம் விற்கும் விலையில் ஒரே நாளில் ஒரு மாதச் சம்பளம் போகும். வரப்போவது ஓராண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். எழுதுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்து வரியையும், அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 20,000-த்துக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதே கணக்கில் விட்டால் அது 'மிச்சம்' மாதிரித் தெரியும். மிச்சமாகத் தெரிந்த பணம் செலவாகிவிடும். கிரெடிட் கார்டில் கட்டியே ஆக வேண்டும் என்றாலும், பில் வந்ததும் இந்தக் கணக்கிலிருந்து முழுத் தொகையையும் அடையுங்கள்.

இப்போது 92,700-இல் 20,000 போக 72,700. வாடகை 22,000, மளிகை முதல் மின்சாரம் வரை மாதச் செலவு 26,000. மீதி 24,700. (மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதித் தொகையை ஒவ்வொரு மாதமும் ஒதுக்குங்கள்; கோடையில் ஏசி ஓடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.)

7. பாதுகாப்பு

வசதிக்கு முன் இது. சம்பளம் நின்றால் வீடு எத்தனை மாதம் ஓடும்? வாடகை, மாதச் செலவு, ஆண்டுச் செலவின் பங்கு: 68,000. ஆறு மாதத்துக்கு 4,08,000. இதை எஃப்டியில் வைக்கலாம், பங்கில் வேண்டாம். இதன் வட்டியும் 5-ஆம் படிக் கணக்கில் வரும் என்பதை மறக்காதீர்கள்.

நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். 45 வயதில், சர்க்கரை வந்தபின் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே தனியாக ஒன்று எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பழைய 18 சதவீதத்தைச் சேர்த்து மனதில் வைத்திருந்தால் விலையை மறுபடி கேளுங்கள்.

கடன் அடைப்பும் இங்கேதான் வர வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால், பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்தப் பாக்கி இருக்கும்போது எஸ்ஐபி (மாதாமாத மியூச்சுவல் ஃபண்டு முதலீடு) போடுவதில் அர்த்தமில்லை.

8. வசதியை விலை போட்டுப் பாருங்கள்

24,700-இல் ஓய்வுக்காலம், பிள்ளையின் மேற்படிப்புக்கு மாதம் 15,000 ஒதுக்கினால் 9,700 மிச்சம். "மாசம் 1.2 லட்சம்" என்று தொடங்கிய குடும்பம் புதிய வசதிகளுக்குச் செலவழிக்கக்கூடிய தொகை இவ்வளவுதான். இந்த எண் கையில் இல்லாமல் ஷோரூமுக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி.

வசதிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடுபவை: சோஃபா, டிவி, ஒரு சுற்றுலா. வாங்கிய நாளிலிருந்து மாதாமாதம் கேட்பவை: கார், பெரிய வீடு, கட்டணம் கூடிய பள்ளி. முதல் ரகத்தில் தவறினால் ஒரு போனஸில் சரிக்கட்டலாம். இரண்டாவதில் தவறினால் பின்வாங்குவது கஷ்டம். பிள்ளையை ஒரு பள்ளியிலிருந்து எடுத்துக் கட்டணம் குறைந்த பள்ளியில் சேர்க்க எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? அதனால் கவனம் முழுவதையும் இரண்டாவது ரகத்தில் வையுங்கள். காபிக் கடைச் செலவை எண்ணிக் குடும்பத்தோடு சண்டை போட வேண்டாம்.

கார் கணக்கு இப்படிப் போகும். சாலைக்கு வரும் விலை 9 லட்சம், கையிலிருந்து 2 லட்சம், 7 லட்சம் கடன், 9.5 சதவீதம், 7 ஆண்டு. இஎம்ஐ சுமார் 11,440. விற்பனையாளர் இதோடு நிறுத்திவிடுவார். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் சுமார் 4,000. காப்பீடு மாதப் பங்கு 2,100. சர்வீஸ், டயர் 1,500. பார்க்கிங், சுங்கம், கழுவுதல் 1,000. மொத்தம் 20,040. நம் குடும்பத்திடம் இருப்பது 9,700.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். மாதம் 10,000 கூடுதல் செலவு என்றால் ஆண்டுக்கு 1,20,000. 20 சதவீத அடுக்கில் இருப்பவர் செஸ்ஸோடு 20.8 சதவீதம் கட்டுகிறார். ஆகவே அந்தச் செலவுக்கு அவர் 1,51,515 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும்.

முடிவெடுக்குமுன் ஒத்திகை பாருங்கள். கார் வாங்க ஆசையா? வாங்காமலே ஆறு மாதம் 20,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு அனுப்புங்கள். எங்கும் கடன் வாங்காமல் வீடு ஓடினால் வாங்கலாம், முன்பணத்துக்கு 1.2 லட்சமும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால் பணமும் போகவில்லை, கடனும் இல்லை. பெரிய வாடகை வீட்டுக்கும், பள்ளி மாற்றத்துக்கும் இதே ஒத்திகைதான்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பற்றி ஒரு வார்த்தை. வட்டியை விலையில் தள்ளுபடியாகக் காட்டிச் சரிக்கட்டுகிறார்கள். ஆனால் கார்டு இஎம்ஐயின் வட்டிப் பகுதிக்கு வங்கி 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கும், பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் வாங்கும். மொத்தமாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அதைவிட முக்கியம், இப்படி நாலைந்து சின்ன இஎம்ஐகள் சேர்ந்தால் 9,700 சத்தமில்லாமல் தீர்ந்துவிடும்.

9. சம்பள உயர்வு வந்த வாரமே பங்கு பிரியுங்கள்

10 சதவீத உயர்வு. சிடிசியில் 1,44,000, மாதம் 12,000 என்று மகிழ்ச்சி. நம் உதாரணத்தில் நிறுவனத்தின் பி.எஃப்., பணிக்கொடை, உங்கள் பி.எஃப்., கூடும் வரி எல்லாம் போனால் ஆண்டுக்கு 79,149 மிஞ்சும், மாதம் சுமார் 6,600. (மேலே சொன்ன என்பிஎஸ் ஏற்பாடு இல்லாத நிலையில்.) அதிலும் ஒரு பகுதி வேரியபிளாகத்தான் வரும்.

இந்த 6,600-ஐப் பிரிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ஏற்கெனவே இருக்கும் செலவின் விலையேற்றம்: வாடகையும் மாதச் செலவும் 5 சதவீதம் கூடினாலே 2,400, பள்ளிக் கட்டணம் தனி. மிஞ்சுவதில் பாதியைச் சேமிப்புக்கு, முதல் உயர்வுச் சம்பளத்திலிருந்தே தானாகப் போகும்படி மாற்றுங்கள். மீதிதான் புதிய வசதிக்கு. இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது என்றே தெரியாமல் செலவில் கரைந்துவிடும், பிறகு அதை வெட்டி எடுப்பது கடினம்.

உயர்வு வந்ததும் 4, 5-ஆம் படிக் கணக்குகளையும் மறுபடி போடுங்கள். அடுக்கு மாறியிருக்கலாம், பழைய முறைக்கான சமநிலைத் தொகையும் மாறியிருக்கும்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு: மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. 40 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மொத்த வட்டியே 43 லட்சத்தைத் தாண்டும். முதல் சில ஆண்டுகளில் கட்டும் கூடுதல் தொகைதான் அதிகம் குறைக்கும். கட்டும்போது 'இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுத்தில் சொல்லுங்கள்.

10. தாக்கல் செய்து ஆண்டை மூடுங்கள்

அலுவலகம் ஜூன் 15-க்குள் படிவம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் உள்ள சான்றிதழ்) தர வேண்டும். அதை ஏஐஎஸ், 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) இரண்டோடும் ஒப்பிடுங்கள். இணையதளம் முன்கூட்டியே நிரப்பித் தருவதை அப்படியே ஏற்காதீர்கள். எஃப்டி வட்டி விடுபட்டிருக்கும், அல்லது கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் உங்கள் பெயரில் இருக்கும். தவறாக இருந்தால் ஏஐஎஸ்ஸிலேயே கருத்துப் பதிவு செய்யலாம்.

ஆண்டு நடுவில் வேலை மாறியவர்கள் அதிகம் அடி வாங்கும் இடம் இது. பழைய நிறுவனம் ஒருமுறை, புதிய நிறுவனம் ஒருமுறை என இருவரும் தனித்தனியே 4 லட்ச விலக்கையும் 75,000 கழிவையும் கொடுத்து டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். சட்டப்படி கிடைப்பது ஒரே முறை. வித்தியாசம் ஜூலையில் மொத்தமாக உங்கள் தலையில் விழும். புதிய இடத்தில் சேர்ந்ததும் பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கொடுத்துவிட்டால் மாதாமாதம் சரியாகப் பிடித்துவிடுவார்கள்.

வழக்கமான கெடு ஜூலை 31. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். தவறினால் 5,000 வரை தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போகும்.

தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ மின் சரிபார்ப்பு செய்யுங்கள். இதை மறந்தால் தாக்கல் செய்தது கணக்கிலேயே வராது. ரீஃபண்ட் வர வேண்டிய கணக்கு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். வந்த ரீஃபண்டை 6-ஆம் படியின் ஆண்டுச் செலவுக் கணக்கில் போடுங்கள், தீபாவளிக்கு ஆகும்.